நாளிதழில் பிறந்த நாவல்கள் – 7: ஒரு மொட்டைக் கடிதம்

1844 ஆகஸ்ட் 28, புதன்கிழமை. பாரீஸ் நகரத்தின் 'ழூர்னால் தெ தெபா' நாளிதழில் பக்கத்தின் குறுக்கே போட்டிருந்த கோட்டுக்கு மேலே வழக்கம்போல அரசியல். கோட்டுக்குக் கீழே, மார்செய் துறைமுகத்துக்குள் 'ஃபாரவோன்' என்ற கப்பல் மெல்ல நுழைந்தது. கப்பல் தலைவர் வழியில் இறந்துவிட்டார். பொறுப்பைக் கையில் எடுத்துக் கப்பலைக் கரைசேர்த்தவன் பத்தொன்பது வயது எட்மோன் தான்தேஸ். அவனுக்குப் பதவி உயர்வு காத்திருக்கிறது, காதலி மெர்ஸெதெஸ் காத்திருக்கிறாள், வயதான தந்தை காத்திருக்கிறார். இவ்வளவு நல்லது ஒருவனுக்கு ஒரே நாளில் வந்தால் அடுத்த இதழில் என்ன நடக்கும் என்று தொடர்கதை படித்துப் பழகிய நமக்குத் தெரியும். பாரீஸ்காரர்களுக்கும் தெரிந்திருந்தது. அதனால்தான் அடுத்த நாள் இதழை வாங்கினார்கள்.

அன்று தொடங்கிய கதை 1846 ஜனவரி 15-ல்தான் முடிந்தது. 'மான்டி கிறிஸ்டோ பிரபு'. எழுதியவர் அலெக்ஸாண்டர் டூமா. இன்னொருவரும் எழுதினார், அவர் பெயர் அச்சில் வரவில்லை. அவரிடம் பிறகு வருகிறேன்.

இந்த நாளிதழ் யாருடையது என்பதை முதலில் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். 'தெபா' பெர்த்தேன் குடும்பத்தின் சொத்து. லூயி பிலிப் மன்னராட்சியின் தூண்களில் ஒன்று. அமைச்சர்களும் வங்கி முதலாளிகளும் பிரபுக்கள் சபை உறுப்பினர்களும் நீதிபதிகளும் காலைக் காப்பியோடு விரிக்கும் தாள். ஏழைகளின் பாரீஸைக் காட்டிய யூஜேன் சூவின் 'பாரீஸ் மர்மங்கள்' இதே தாளில்தான் 1842 முதல் 1843 வரை வந்தது என்பதைப் போன இதழில் பார்த்தோம். டூமாவின் கதையில் பழிவாங்கப்படுகிற மூவர் யார் யார்? ஒரு வங்கி முதலாளி. ஒரு பிரபுக்கள் சபை உறுப்பினர். ஓர் அரசு வழக்குரைஞர். தங்கள் வர்க்கம் ஒவ்வொருவராக வீழ்வதை அந்த வாசகர்கள் ஒன்றரை ஆண்டுகள் ஆவலோடு படித்தார்கள். இலக்கிய வரலாற்றில் இதைவிடச் சுவையான காட்சி எனக்கு வேறு நினைவுக்கு வரவில்லை.

கதைக்கு விதை விழுந்த விதத்தை டூமாவே பின்னாளில் எழுதிவைத்திருக்கிறார். 1842-ல் அவர் ஃபுளோரன்ஸில் இருந்தபோது, நெப்போலியனின் தம்பி ழெரோம் தன் இளவயது மகனை அவருடன் பயணம் அனுப்பினார். இருவரும் எல்பா தீவைச் சுற்றிப் பார்த்தார்கள். நெப்போலியன் நாடுகடத்தப்பட்டிருந்த தீவு அது. பிறகு பக்கத்துத் தீவில் வேட்டை. அங்கே இருந்தவர் கடலில் கூம்பாகத் தெரிந்த ஒரு பாறையைக் காட்டி, அங்கே காட்டாடுகள் ஏராளம் என்றார். அதுதான் மான்டி கிறிஸ்டோ. ஆளில்லாத தீவில் இறங்கித் திரும்பினால் நோய்த்தடுப்புக்காகப் பல நாள் தனிமையில் அடைத்துவைப்பார்கள் என்று தெரிந்ததும் டூமா இறங்கவில்லை. படகிலேயே தீவை ஒரு சுற்றுச் சுற்றினார். இந்தப் பயணத்தின் நினைவாக ஒரு நாவலுக்கு இந்தப் பெயரை வைப்பேன் என்று இளவரசரிடம் சொன்னார். உலகிலேயே பெயர்பெற்ற புதையல் தீவு, அதை எழுதியவர் கால் வைக்காத தீவு.

அடுத்த ஆண்டு ஒரு பதிப்பகம் அவரிடம் பாரீஸைப் பற்றிப் பயண நூல் கேட்டது. அதற்குள் சூவின் தொடர் ஊரையே புரட்டிப் போட்டுவிட்டதால், பயண நூல் வேண்டாம், பாரீஸை வைத்து நாவலாகவே கொடுங்கள் என்று மாற்றிக்கொண்டது. டூமாவிடம் அப்போது கதை இல்லை. ஆனால் எப்போதோ படித்துக் குறிவைத்திருந்த சில பக்கங்கள் இருந்தன.

அந்தப் பக்கங்கள்தான் இந்த வார நம் கதை.

ழாக் பெஷே என்பவர் பாரீஸ் காவல்துறைத் தலைமையகத்தில் ஆவணக் காப்பாளராக இருந்தவர். 1830-ல் இறந்தார். எட்டு ஆண்டுகள் கழித்து, 1838-ல், அவர் பெயரில் 'பாரீஸ் காவல்துறை ஆவணங்களிலிருந்து எடுத்த நினைவுகள்' என்ற நூல் ஆறு பாகங்களாக வந்தது. அதில் ஒரு வழக்கு: 'வைரமும் பழியும்'.

1807. பாரீஸில் பிரான்சுவா பிக்கோ என்ற செருப்புத் தொழிலாளி; ஊர் தெற்கே நீம். மார்கெரித் என்ற வசதியான வீட்டுப் பெண்ணுடன் அவனுக்குத் திருமணம் நிச்சயமாகிறது. தன்னூர்க்காரனான லூப்பியான் நடத்தும் காப்பிக் கடையில் போய் மகிழ்ச்சியாகச் சொல்கிறான். லூப்பியானுக்கு வயிறு எரிகிறது. கடையில் இருந்த நண்பர்களிடம், "கல்யாணத்தைத் தள்ளிப்போட வைக்கிறேன் பார்" என்கிறான். விளையாட்டுத்தான். பிக்கோ ஆங்கிலேயரின் உளவாளி என்று காவல்துறையிடம் ஒரு வார்த்தை. நண்பர்களில் இருவர் உடந்தை. அல்லூ என்ற மூன்றாமவனுக்கு இது பிடிக்கவில்லை, ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. பிக்கோ இரவோடு இரவாக மறைந்தான்.

ஏழு ஆண்டுகள். ஆல்ப்ஸ் மலையில் ஃபெனெஸ்ட்ரெல் கோட்டைச் சிறை. அங்கே மிலான் நகரத்து மதகுரு ஒருவர் கைதியாக இருந்தார். பிக்கோ அவருக்கு மகன்போலப் பணிவிடை செய்தான். சாகும்போது அவர் தான் ஒளித்துவைத்திருந்த செல்வம் இருக்குமிடத்தை அவனிடம் சொன்னார். 1814-ல் நெப்போலியன் வீழ்ந்தார், கோட்டைக் கதவு திறந்தது. வெளியே வந்தவன் செல்வத்தை எடுத்துக்கொண்டு, பாதிரியார் வேடத்தில் நீம் நகரத்தில் அல்லூவைத் தேடிப் போனான். ஒரு வைரத்தைக் கொடுத்து உண்மையைக் கறந்தான். மார்கெரித் இரண்டு ஆண்டுகள் காத்திருந்து, பிறகு லூப்பியானையே மணந்துகொண்டாள் என்பது தெரிந்தது.

பிறகு நடந்தது வெறும் ரத்தம். பிக்கோ வேடம் மாற்றி, லூப்பியானின் கடையிலேயே பரிமாறும் வேலைக்குச் சேர்ந்தான். உடந்தையாக இருந்தவர்களில் ஒருவன் பாலத்தின் மேல் குத்துப்பட்டுக் கிடந்தான். கத்திப்பிடியில் 'எண் ஒன்று' என்று ஒரு சீட்டு. இன்னொருவன் விஷத்தில் செத்தான். சவப்பெட்டி மீது 'எண் இரண்டு'. லூப்பியானின் மகளை ஒரு பொய்ப் பிரபு ஏமாற்றிக் கைவிட்டான். வீடு எரிந்தது. மகன் சிறைக்குப் போனான். மனைவி இறந்தாள். கடைசியில் லூப்பியான். ஆனால் கதை அங்கே முடியவில்லை. வாய் திறக்காத அந்த அல்லூ, பிக்கோவைக் கடத்திக்கொண்டு போய்ப் பாதாள அறையில் கட்டிப்போட்டான். ஒரு வேளைச் சோற்றுக்கு 25,000 பிராங்க் விலை சொன்னான். பணத்தின் மீதான பிடிப்பை விட முடியாத பிக்கோ கொடுக்க மறுத்தான். அல்லூ வெறிபிடித்து அவனைக் கொன்றான். 1828-ல் இங்கிலாந்தில் மரணப்படுக்கையில் ஒரு பாதிரியாரிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டான்.

இது உண்மையா? பெஷேயின் நூலைப் பதிப்பித்ததில் லமோத்-லாங்கோன் என்பவரின் கை உண்டு. போலி நினைவுக் குறிப்புகளை எழுதித் தள்ளுவதில் அவர் பேர்போன ஆசாமி. சரிபார்க்கலாம் என்றால், 1871 மே மாதம் பாரீஸ் கம்யூன் எழுச்சியின் கடைசி நாட்களில் காவல்துறைத் தலைமையகம் எரிந்தபோது ஆவணங்களில் பெரும்பகுதி சாம்பலாகிவிட்டது. பிக்கோ என்று ஒருவன் இருந்தான் என்று நிரூபிக்க இன்று ஒரு தாள்கூட இல்லை. என் எண்ணத்தில் அந்த எண் போட்ட சீட்டுகளில் மையின் ஈரம் தெரிகிறது; கொலைகாரர்களைவிடக் கதாசிரியர்களுக்கே அந்த வழக்கம் அதிகம்.

ஆனால் கதையின் முதல் பாதியை அப்படித் தள்ள முடியாது. உளவாளி என்று ஒரு சொல், விசாரணை இல்லை, நீதிமன்றம் இல்லை, ஆள் இல்லை: இது அன்றைய ஆட்சி நடைமுறை. 1810 மார்ச் 3-ல் நெப்போலியன் போட்ட ஆணை, வழக்கு நடத்த முடியாத, ஆனால் வெளியே விடவும் விரும்பாத ஆட்களை அடைப்பதற்கென்றே எட்டு அரசுச் சிறைகளை முறைப்படுத்தியது. பட்டியலில் ஃபெனெஸ்ட்ரெல் உண்டு. மார்செய் துறைமுகத்துக்கு எதிரே கடலுக்குள் நிற்கும் இஃப் கோட்டையும் உண்டு. டூமா தன் கைதியை மலையிலிருந்து கடலுக்கு மாற்றினார். சட்டம் மாறவில்லை, இடம்தான் மாறியது.

இஃப் கோட்டையைப் பற்றி இங்கே நின்று ஒன்று சொல்ல வேண்டும். பதினாறாம் நூற்றாண்டில் முதலாம் பிரான்சுவா மன்னர் துறைமுகக் காவலுக்குக் கட்டிய கோட்டை, பின்னர் சிறையானது. புரொட்டஸ்டன்டுகள் ஆயிரக்கணக்கில் அங்கே அடைபட்டார்கள். பிற்காலத்தில் புரட்சியின் பெரும் பேச்சாளராகப் போகும் மிராபோவை 1774-ல் அவருடைய தந்தையே அங்கே அடைக்க ஏற்பாடு செய்தார். ஆனால் அங்கே இருந்த கைதிகளில் விசித்திரமானவர் ஒரு பிணம். நெப்போலியன் 1799-ல் எகிப்தில் தன் படையை விட்டுவிட்டுச் சொல்லாமல் பிரான்சுக்குத் திரும்பியபோது, பொறுப்பைத் தலையில் சுமந்தவர் தளபதி கிளெபர். கடிதம் ஒன்றைப் பார்த்துத்தான் அவருக்கே விஷயம் தெரிந்தது. மறு ஆண்டு கெய்ரோவில் அவர் கத்திக்குத்தில் இறந்தார். பதப்படுத்திய உடல் மார்செய் வந்து சேர்ந்தது. குடியரசுவாதிகள் அவர் கல்லறையைச் சுற்றிக் கூடிவிடுவார்களோ என்ற கவலை நெப்போலியனுக்கு. சவப்பெட்டியை இஃப் கோட்டையில் வைக்கச் சொன்னார். அது பதினெட்டு ஆண்டுகள் அங்கேயே கிடந்தது. நெப்போலியன் போய் மன்னராட்சி திரும்பிய பிறகுதான் கிளெபர் தன் சொந்த ஊரான ஸ்ட்ராஸ்பூர்க் போய்ச்சேர்ந்தார். தான்தேஸ் அடைபட்டதாக டூமா எழுதும் 1815-ல், அந்தக் கோட்டையில் கிளெபர் இருந்தார்.

எகிப்தில் கிளெபருடன் இருந்த இன்னொரு தளபதி தோமா-அலெக்ஸாண்டர் டூமா. நாவலாசிரியரின் தந்தை.

அவருடைய வாழ்க்கையை நாவலாக எழுதினால் நம்பமாட்டார்கள். 1762-ல் இன்றைய ஹைட்டியில் பிறந்தார். தந்தை ஒரு பிரெஞ்சுப் பிரபு. தாய் மாரி-செஸெத் டூமா, கறுப்பின அடிமைப் பெண். தந்தைக்கு ஊர் திரும்பப் பணம் தேவைப்பட்டபோது மகனை விற்றார், பிறகு மீட்டுக்கொண்டார். மகன் படையில் சேர்ந்தபோது தந்தையின் பிரபுப் பெயரை எடுக்காமல் தாயின் பெயரை எடுத்தான். புரட்சி வந்தது. சாதாரணக் குதிரைப்படை வீரனாகத் தொடங்கியவர் 1793-ல் தளபதி. ஆறடி உயரம், அசாத்திய உடல்பலம். எகிப்துப் படையெடுப்பின்போது நெப்போலியனோடு முரண்பட்டார், ஊர் திரும்ப அனுமதி கேட்டார். 1799-ல் அவர் ஏறிய கப்பல் ஒழுகத் தொடங்கி, இத்தாலியின் தாரந்தோ துறைமுகத்தில் ஒதுங்கியது. அது அப்போது பிரான்சுக்கு எதிரியான நேப்பிள்ஸ் அரசின் ஊர். இரண்டு ஆண்டுச் சிறை. வெளியே வந்தபோது ஒரு கண் பார்வையும் ஒரு காதும் போய்விட்டன, முகத்தில் வாதம், வயிற்றில் தீராத நோய். தனக்கு விஷம் வைத்தார்கள் என்று கடைசிவரை நம்பினார்.

சிறையிலிருந்து மீண்டவருக்கு நாடு எதுவும் செய்யவில்லை. சம்பள பாக்கி வரவில்லை. 1802 மே மாதம் நெப்போலியனின் அரசு குடியேற்றங்களில் அடிமைமுறையைச் சட்டமாக்கியது. அதே ஆண்டு ஜூலையில் வில்லெர்-கொத்தரே என்ற சிற்றூரில் அலெக்ஸாண்டர் பிறந்தான். 1806 பிப்ரவரியில் தந்தை இறந்தார். விதவைக்கு ஓய்வூதியம் கேட்டு எழுதிய மனுக்களுக்குப் பலனில்லை. தந்தை இறந்தபோது, நான்கு வயதுகூட நிறையாத பையன் அவருடைய துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறினானாம். எங்கே போகிறாய் என்று கேட்ட தாயிடம், அப்பாவை எடுத்துக்கொண்ட கடவுளைக் கொல்லப் போகிறேன் என்றானாம். டூமாவின் நினைவுக் குறிப்புகளில் உள்ள செய்தி இது. கொஞ்சம் மெருகேற்றியிருப்பார், அவர் எதைத்தான் மெருகேற்றவில்லை? ஆனாலும் எதிரி மண்ணில் சிறை, விஷம், ஆட்சி மாறினாலும் திறக்காத கதவு ஆகிய எல்லாம் பெஷேயின் பக்கங்களுக்கு முன்பே அவர் வீட்டில் இருந்தன. அமெரிக்க எழுத்தாளர் டாம் ரீஸ் இந்தத் தளபதியின் வரலாற்றை எழுதி 2013-ல் புலிட்சர் பரிசு பெற்றார்.

சிறைக்குள் தான்தேஸுக்கு மொழிகளும் கணிதமும் வரலாறும் கற்றுக்கொடுக்கும் அபே ஃபாரியா என்ற முதியவரை யாரும் மறக்கமாட்டார்கள். நாவலில் அவர் இத்தாலியர். அந்தப் பெயர் கொண்ட உண்மையான பாதிரியார் நம் மேற்குக் கரையைச் சேர்ந்தவர். 1756-ல் கோவாவின் காண்டோலிமில் பிறந்த ஜோஸே குஸ்தோதியோ தெ ஃபாரியா. லிஸ்பன், ரோம் வழியாகப் பாரீஸுக்குப் போனார். 1787-ல் கோவாவில் போர்ச்சுக்கீசியர் ஆட்சிக்கு எதிராகப் பாதிரியார்கள் சிலர் செய்த சதி பிடிபட்டபோது, ஃபாரியா மீதும் அவர் தந்தை மீதும் சந்தேகம் விழுந்தது. பாரீஸில் அவர் நடத்திய மனோவசிய வகுப்புகளுக்குக் கூட்டம் அலைமோதியது. வசியம் செய்பவரின் கையிலிருந்து ஏதோ காந்த சக்தி பாய்கிறது என்று எல்லோரும் நம்பிய காலத்தில், சக்தி எதுவும் இல்லை, உறங்குபவரின் மனமே அந்த வேலையைச் செய்கிறது என்றார். அவரைக் கேலி செய்து நாடகம் போட்டார்கள். 1819-ல் வறுமையில் இறந்தார். அவர் இஃப் கோட்டையில் அடைபட்டதற்குச் சான்று கிடையாது. 1811-ல் மார்செயில் தத்துவம் கற்பித்தார், அவ்வளவுதான். டூமா பெயரை எடுத்துக்கொண்டார், கைதியாக்கினார், அழியாப் புகழ் கொடுத்தார். பஞ்சிம் போகிறவர்கள் பழைய தலைமைச் செயலகத்தின் அருகே அவர் சிலையைப் பார்க்கலாம்: கைகளை நீட்டி நிற்கிறார், எதிரே ஒரு பெண் மயங்கிச் சரிகிறாள்.

சரி, பிக்கோவின் கதையை டூமா எடுத்து என்ன செய்தார்?

முதலில் தவறாகத்தான் தொடங்கினார். பிரபு ரோம் நகரத்தில் தோன்றுவதிலிருந்து கதை; பழைய சங்கதியெல்லாம் பின்னால் யாரோ சொல்வதாகத் திட்டம். அந்தத் திட்டத்தை ஒகுஸ்த் மக்கேயிடம் சொன்னார். மக்கே வரலாற்று ஆசிரியராக இருந்தவர். 'மூன்று துப்பாக்கி வீரர்கள்' நாவலில் கூட்டாளி. அவர் கேட்டார்: காதல், காட்டிக்கொடுத்தல், சிறை என்று கதையின் மிகச் சுவையான பகுதியையே தாண்டிப் போகிறீர்களே? டூமா அன்றிரவு யோசித்தார். மறுநாள் கதை மூன்றாகப் பிரிந்திருந்தது: மார்செய், ரோம், பாரீஸ். மக்கேயின் அந்த ஒரு கேள்வி இல்லாவிட்டால் இஃப் கோட்டை நாலு வரிச் செய்தியாக முடிந்திருக்கும். தொடர் எழுதுகிறவர்கள் எல்லோருக்கும் இப்படி ஒரு மக்கே வாய்ப்பதில்லை.

இரண்டாவது மாற்றம் டூமாவினுடையது. நாவலின் முதுகெலும்பு அதுதான் என்பேன். பிக்கோவின் கையில் இருந்தது கத்தி. மான்டி கிறிஸ்டோ பிரபுவாக மாறிய தான்தேஸ் தன் எதிரிகளில் ஒருவனைக்கூடக் கத்தியால் தொடவில்லை. அவனைச் சிறைக்கு அனுப்பியது ஒரு மொட்டைக் கடிதம். பின்னாளில் வங்கி முதலாளியாகும் தாங்லார் அதை இடது கையால் எழுதினான். எழுதிக் கசக்கி மூலையில் எறிந்தான், "சும்மா விளையாட்டு" என்று. பின்னாளில் பிரபுக்கள் சபைக்குப் போகும் ஃபெர்னான் பொறுக்கிக்கொண்டு போய் அஞ்சலில் சேர்த்தான். உடனிருந்த கதரூஸ் குடிபோதையில் பார்த்துக்கொண்டிருந்தான். அரசு வழக்குரைஞன் வில்ஃபோர், தான்தேஸ் கொண்டுவந்த இன்னொரு கடிதம் தன் சொந்தத் தந்தையின் முகவரிக்குப் போகிறது என்று கண்டதும் அதை எரித்துவிட்டுப் பையனைக் கடலுக்குள் அனுப்பினான். காகிதத்தால் செய்த குற்றத்துக்குக் காகிதத்தாலேயே தண்டனை.

ஃபெர்னான் வீழ்வது நாளிதழில் வந்த சிறு செய்தி ஒன்றால். தன்னை நம்பிய அலி பாஷாவைத் துருக்கியரிடம் காட்டிக்கொடுத்த பழைய கதை அச்சேறுகிறது. பிறகு பிரபுக்கள் சபையில், அலி பாஷாவின் மகள் ஹைதே, தன்னை அடிமையாக விற்ற பத்திரத்தையே எடுத்துக் காட்டுகிறாள். தன் தந்தையை அவருடைய தந்தையே விற்ற குடும்பத்தில் பிறந்த ஒருவர் எழுதிய காட்சி அது. வில்ஃபோர் தன் தொழிலாலேயே, நீதிமன்றத்தில் வைத்தே வீழ்கிறான். தாங்லாரைக் கவிழ்ப்பதில் முதல் அடி ஒரு பொய்த் தந்தி.

அந்தத் தந்தி அத்தியாயத்தைப் படிக்காமல் யாரும் இந்த நாவலை மூடிவைக்கக் கூடாது. மின்தந்திக்கு முந்திய காலம் அது. ஷாப் சகோதரர்கள் 1790-களில் அமைத்த முறைப்படி, குன்றுகள் மீதும் கோபுரங்கள் மீதும் பெரிய மரக்கைகள். அவை மடங்கி நிமிரும் விதத்தை அடுத்த கோபுரத்து ஆள் தொலைநோக்கியில் பார்த்து அப்படியே திருப்பிச் செய்வான். பொருள் என்ன என்று அவனுக்கே தெரியாது. 1840-களில் இப்படி ஐந்நூறுக்கு மேற்பட்ட நிலையங்கள் பிரான்சு முழுக்க நின்றன. பிரபு அத்தகைய கோபுரம் ஒன்றுக்குப் போகிறார். அங்கே இருக்கும் எளிய மனிதனுக்கு உலகத்தில் ஒரே கவலை, தன் சின்னத் தோட்டத்தின் பழங்களை எலிகள் தின்றுவிடுகின்றன என்பது. பிரபு 25,000 பிராங்க்கை எண்ணி வைக்கிறார். பெரிய தோட்டமே வாங்கலாம்; சில சைகைகளை மாற்றிக் காட்டினால் போதும். ஸ்பெயினின் தோன் கார்லோஸ் காவலிலிருந்து தப்பிவிட்டார் என்ற பொய்ச் செய்தி பாரீஸை எட்டுகிறது. தாங்லார் ஸ்பானியப் பத்திரங்களை அடித்துப் பிடித்து விற்கிறான். மறுநாள் மறுப்பு வருகிறது, பத்திர விலை ஏறுகிறது. அவனுக்கு 5 லட்சம் நட்டம். வந்திருக்க வேண்டிய லாபத்தையும் சேர்த்தால் 10 லட்சம்.

இது வெறும் கற்பனை என்று 'தெபா' வாசகர்கள் நினைத்திருக்கமாட்டார்கள். போர்தோ நகரத்தில் பிரான்சுவா பிளாங், ஜோசஃப் பிளாங் என்ற சகோதரர்கள் 1834 முதல் இரண்டு ஆண்டுகள் தூர் நகரத்துத் தந்தி ஊழியருக்கு லஞ்சம் கொடுத்து, அரசுச் செய்திகளுக்கு நடுவே திட்டமிட்ட பிழைகளைச் செருக வைத்தார்கள். பாரீஸ் பங்குச்சந்தையின் போக்கு போர்தோவில் மற்றவர்களுக்குத் தெரிவதற்கு நாட்கள் முன்பே அவர்களுக்குத் தெரிந்தது. பிடிபட்டு 1837-ல் வழக்கு நடந்தபோது, அரசுத் தந்தியைத் தனியார் பயன்படுத்துவதைத் தடுக்கச் சட்டமே இல்லை என்று தெரியவந்தது. சகோதரர்கள் தப்பினார்கள். சட்டம் பிறகு அவசரமாக வந்தது. பிரான்சுவா பிளாங் பின்னாளில் மான்டி கார்லோ சூதாட்ட விடுதியின் அதிபரானார். டூமா அந்த வழக்கை வைத்துத்தான் எழுதினாரா என்பது அவருக்கே வெளிச்சம். வங்கிக்காரர்களுக்கு மட்டும் அந்த அத்தியாயம் வேறு மாதிரிப் பட்டிருக்கும்.

பெஷேயின் கதையில் பிக்கோவுக்கு நேர்ந்த முடிவை டூமா வீணாக்கவில்லை. சோற்றுக்கு விலை சொல்லும் அந்தப் பாதாள அறை நாவலின் இறுதியில் வருகிறது. ஆனால் கட்டிப்போடப்பட்டிருப்பது பழிவாங்கியவன் அல்ல, தாங்லார். ரோம் அருகே கொள்ளையர் குகையில் ஒரு கோழிக்கு லட்சம் பிராங்க். எல்லாம் கரைந்த பிறகு பிரபு வந்து மன்னித்துவிட்டுப் போகிறார். அதற்குள் வில்ஃபோரின் சின்ன மகன் விஷத்தில் இறந்துவிட்டான்; நான் செய்தது சரிதானா என்ற கேள்வி பிரபுவைப் பிடித்துக்கொண்டது. பிக்கோவுக்கு வராத கேள்வி. மெர்ஸெதெஸுக்கு மட்டும் டூமா நியாயம் செய்யவில்லை என்பது என் பழைய மனத்தாங்கல். பதினெட்டு மாதம் காத்திருந்த, எல்லோருக்கும் முன்பாகப் பிரபுவை அடையாளம் கண்டுகொண்ட அவளுக்கு மார்செயில் ஒரு தனி வீடும் கண்ணீரும்தான் மிச்சம்.

நடுவில் தொடர் நின்றுபோனது. 1844 நவம்பர் இறுதியில் இரண்டாம் பகுதி முடிந்து, 1845 ஜூன் 20 வரை வாசகர்கள் காத்திருந்தார்கள். காரணம் எளிது. அந்த இடைவெளியில் டூமா 'ல சியேக்ல்' இதழில் துப்பாக்கி வீரர்களின் இரண்டாம் பாகத்தையும், 'லா பிரெஸ்' இதழில் 'மார்கோ அரசி'யையும் எழுதிக்கொண்டிருந்தார். கல்கியின் 'பொன்னியின் செல்வ'னுக்காக வாரக் கணக்கில் காத்திருந்த வீடுகளை நாம் அறிவோம். ஒரே நேரத்தில் மூன்று இதழ்கள் ஒரே ஆளின் வாசலில் நிற்பதைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அந்தக் காட்சியைப் பார்த்துப் பொறாமை எழாமல் இருக்குமா? 1845-ல் மிர்கூர் என்பவர் 'நாவல் தொழிற்சாலை: அலெக்ஸாண்டர் டூமா அண்ட் கம்பெனி' என்ற வெளியீட்டை அச்சிட்டார். கூலிக்கு ஆள் வைத்து எழுதுகிறார் என்ற குற்றச்சாட்டோடு, டூமாவின் நிறத்தையும் இனத்தையும் பற்றிய வசை அதில் நிறைய. டூமா வழக்குப் போட்டார். மிர்கூருக்குச் சிறை.

பணம் வந்தது. போர்-மார்லி என்ற இடத்தில் டூமா ஒரு மாளிகை எழுப்பி 'மான்டி கிறிஸ்டோ' என்று பெயர் வைத்தார். 1847 ஜூலையில் கிரகப்பிரவேசம், நூற்றுக்கணக்கில் விருந்தினர். தோட்டத்தில், சுற்றிலும் நீர் விட்டு, எழுதுவதற்கு ஒரு குட்டி வீடு. அதன் சுவர்க் கற்களில் தன் நூல்களின் பெயர்களைச் செதுக்கினார். அந்த வீட்டின் பெயர் இஃப் கோட்டை. அதே ஆண்டு சொந்தமாக நாடக அரங்கும் திறந்தார். மறு ஆண்டு பிப்ரவரியில் புரட்சி வந்தது. நாடகம் பார்க்க ஆளில்லை. கடன்காரர்கள் பத்திரங்களோடு வந்தார்கள். 1849-ல் மாளிகை கைமாறியது. 1850 ஜூலையில் இன்னொரு அடி: தொடர்கதை வெளியிடும் நாளிதழ் ஒவ்வொரு பிரதிக்கும் ஒரு சாந்தீம் கூடுதல் முத்திரை வரி கட்ட வேண்டும் என்று, ரியான்சே என்ற உறுப்பினரின் திருத்தத்தின்படி சட்டம் வந்தது. இத்தகைய கதைகளால்தான் மக்கள் கெட்டுப் புரட்சி செய்தார்கள் என்பது அவர் வாதம். 1851 டிசம்பரில் டூமா பிரஸ்ஸல்ஸில் இருந்தார். லூயி நெப்போலியனின் ஆட்சிக்கவிழ்ப்பைக் காரணமாகச் சொன்னார். கடன்காரர்கள் வேறு காரணம் சொன்னார்கள்.

இதற்குப் பிறகுதான் மக்கே பழைய கணக்கைத் திறக்கிறார். 1845-ல், மிர்கூரின் வசைகளுக்கு நடுவே, எந்த உரிமையும் கோரமாட்டேன் என்று டூமாவுக்கு எழுதிக் கொடுத்த அதே மக்கே. இப்போது அவர் கையில் கையெழுத்துப் பிரதிகள் இருந்தன, வராத பணத்தின் பட்டியல் இருந்தது. அட்டையில் தன் பெயரும் வேண்டும் என்று நீதிமன்றத்தின் படி ஏறினார். அந்த வழக்கில் யார் என்ன சொன்னார்கள், நீதிபதிகள் எந்த நாவலை யாருக்குப் பங்கு வைத்தார்கள் என்பது அடுத்த இதழில்.

(தொடரும்)